மளிகைச் சாமானை வைத்தே க்ளீன் ஈட்டிங்: எதில் கை வைப்பது?

"க்ளீன் ஈட்டிங்குக்கு மாற ஆசை, ஆனால் ஆர்கானிக் சாமானும் விதவிதமான பவுடரும் வாங்கக் கட்டுப்படியாகாது. வாராவாரம் வாங்கும் சாதாரண மளிகையை வைத்தே தொடங்க முடியுமா, முதலில் எதை மாற்றுவது, வீட்டில் இருக்கும் பாக்கெட்டுகளை எல்லாம் தூக்கிப் போட்டுவிடவா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

தாராளமாக முடியும். சுருக்கமாகச் சொன்னால் க்ளீன் ஈட்டிங் என்பது ஆலையில் அதிகம் பதப்படுத்தாத சாப்பாட்டுக்கு மாறுவது. இதற்கு வேண்டிய சாமானில் முக்கால்வாசி எந்த மளிகைக் கடையிலும் கவனிப்பாரில்லாமல் கீழ்த்தட்டில்தான் கிடக்கும், ஏனென்றால் பயறுக்கும் முட்டைகோஸுக்கும் யாரும் பெரிதாக விளம்பரம் எடுப்பதில்லை. எதையும் தூக்கிப் போட வேண்டாம். இருப்பதைச் சாப்பிட்டுத் தீருங்கள், தீர்ந்தபின் அதே பாக்கெட்டை மறுபடி வாங்குவதா வேண்டாமா என்று அப்போது முடிவு செய்தால் போதும். ஒரே நாளில் அலமாரியைக் காலி செய்கிறவர்கள் பெரும்பாலும் அடுத்த வாரமே பசியோடு போய் பழையபடி வாங்கி நிரப்பிவிடுவார்கள். மாற்றாக என்ன சமைப்பது என்று கை பழகுவதற்குள் எட்டும் தூரத்தில் இருந்ததைப் பறித்துவிட்டால் அப்படித்தான் ஆகும்.

க்ளீன் ஈட்டிங் என்பதற்குச் சட்டப்படியான வரையறை எதுவும் கிடையாது, ஆளாளுக்கு ஒன்று சொல்வார்கள். எனக்குப் பயன்பட்ட அளவுகோல் நோவா வகைப்பாடு. பிரேசிலின் சாவோ பாலோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கார்லோஸ் மொன்டெய்ரோ 2009இல் முன்வைத்தது, 2014இல் பிரேசில் அரசின் உணவு வழிகாட்டியே இதை அடிப்படையாக வைத்துத்தான் வந்தது. உணவில் என்ன சத்து இருக்கிறது என்று பார்க்காமல், அதற்கு என்னவெல்லாம் செய்திருக்கிறார்கள் என்று பார்த்து நான்காகப் பிரிக்கிறது. முதல் வகை, தானியம், பயறு, காய், பழம், முட்டை, பால், மீன், இறைச்சி என்று அப்படியே அல்லது லேசாகப் பதப்படுத்தியவை. இரண்டாவது, அவற்றைச் சமைக்க உதவும் எண்ணெய், உப்பு, சர்க்கரை போன்றவை. மூன்றாவது, இந்த இரண்டையும் சேர்த்துச் செய்த எளிய தயாரிப்புகள்: சீஸ், உப்பு நீரில் டின்னில் அடைத்த பயறு, மாவும் ஈஸ்ட்டும் உப்பும் மட்டும் போட்ட ரொட்டி. நான்காவதுதான் அல்ட்ரா பிராசஸ்டு, அதாவது நம் சமையலறையில் இருக்கவே இருக்காத பொருட்களை (எண்ணெயும் தண்ணீரும் பிரியாமல் வைக்கும் எமல்சிஃபையர், சுவையூட்டி, நிறமி, மால்ட்டோடெக்ஸ்ட்ரின் என்ற மாவுப்பொருள், தனியாகப் பிரித்தெடுத்த புரதம்) கூட்டி ஆலையில் உருவாக்கியவை.

இதில் ஒன்றைக் கவனியுங்கள், பதப்படுத்துவதே குற்றம் என்று இந்த வகைப்பாடு சொல்லவில்லை. பாலைக் காய்ச்சுவதும் தயிர் உறைய வைப்பதும் கோதுமையை அரைப்பதும் பட்டாணியை உறைய வைப்பதும் பதப்படுத்துவதுதான். ஃப்ரோஸன் பட்டாணியைப் பார்த்து முகம் சுளித்துவிட்டு பளபளப்பான அட்டையில் வரும் 'நேச்சுரல்' எனர்ஜி பாரை வாங்குகிறவர்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்புதான் வரும்.

அல்ட்ரா பிராசஸ்டு உணவை ஏன் குறைக்க வேண்டும் என்பதற்கு நான் அடிக்கடி எடுத்துச் சொல்லும் ஆய்வு ஒன்று உண்டு. அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனத்தில் கெவின் ஹால் குழு நடத்தி 2019இல் வெளியிட்டது. 20 பேரை நான்கு வாரம் ஆய்வு மையத்திலேயே தங்க வைத்து, இரண்டு வாரம் அல்ட்ரா பிராசஸ்டு சாப்பாடும் இரண்டு வாரம் பதப்படுத்தாத சாப்பாடும் கொடுத்து, வேண்டிய மட்டும் சாப்பிடுங்கள் என்று விட்டார்கள். பரிமாறிய தட்டில் கலோரி, சர்க்கரை, கொழுப்பு, உப்பு, நார்ச்சத்து எல்லாம் இரண்டு பக்கமும் ஏறக்குறைய சமம். அல்ட்ரா பிராசஸ்டு பக்கம் நார்ச்சத்து குறைகிறது என்பதால் அதைப் பானத்தில் கலந்துகூடக் கொடுத்தார்கள். அப்படியும் அந்த இரண்டு வாரத்தில் அவர்கள் தினம் 500 கலோரி வாக்கில் அதிகமாகச் சாப்பிட்டார்கள், வேகமாகவும் சாப்பிட்டார்கள், சராசரியாக 0.9 கிலோ எடை கூடியது, மற்ற இரண்டு வாரத்தில் அதே அளவு குறைந்தது. சின்ன ஆய்வுதான், குறுகிய காலம்தான். ஆனால் 'மனக்கட்டுப்பாடு இல்லாததால்தான் அதிகம் சாப்பிடுகிறோம்' என்று நம்மை நாமே திட்டிக்கொள்வதில் பெரிய நியாயம் இல்லை என்பதை இது காட்டுகிறது. மெல்ல வேண்டியதே இல்லாத உணவு, வயிறு நிறைந்த சேதி மூளைக்கு எட்டுவதற்குள் உள்ளே போய்விடுகிறது.

சரி, எதில் கை வைப்பது? பட்டியலில் மோசமானது எது என்று தேடாதீர்கள், உங்கள் வீட்டில் அதிகம் ஓடுவது எது என்று தேடுங்கள். மாதம் ஒரு முறை சாப்பிடும் பீட்சாவை நிறுத்தி என்ன ஆகப் போகிறது? தினம் இரண்டு வேளை வாய்க்குள் போகும் ஏதோ ஒன்று இருக்கும், காலை சீரியல், பிஸ்கட், பாக்கெட் ரொட்டி, சாஸ், குளிர்பானம் என்று வீட்டுக்கு வீடு மாறும், அதில் முதல் இரண்டை மட்டும் மாற்றினாலே சாப்பாட்டில் பெரும்பகுதி மாறிவிடும். ஒரு வாரத்துக்குச் சாப்பிட்டதை எல்லாம் ஒரு தாளில் கிறுக்கி வையுங்கள், கலோரிக் கணக்கெல்லாம் வேண்டாம், பெயர் மட்டும் போதும். திரும்பத் திரும்ப வருவது தானாகக் கண்ணில் படும்.

பல வீடுகளில் அந்தத் தாளில் முதலில் தெரிவது குடிக்கிற சர்க்கரை. 330 மில்லி கோலா ஒன்றில் 35 கிராம் சர்க்கரை, அதாவது ஒன்பது டீஸ்பூனுக்குக் கொஞ்சம் குறைவு. வெளியிலிருந்து சேர்க்கும் சர்க்கரை மொத்தக் கலோரியில் 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, முடிந்தால் 5 சதவீதத்துக்குள் இருக்கட்டும் என்பது 2015இல் உலக சுகாதார நிறுவனம் சொன்னது. நாளுக்கு 2000 கலோரி சாப்பிடுபவருக்கு அது 50 கிராம், 25 கிராம் என்று வரும். மூன்று வேளை டீ, வேளைக்கு இரண்டு டீஸ்பூன் என்றால் அதிலேயே 24 கிராம் ஆச்சு. தேனும் வெல்லமும் பழச்சாறும் இதே கணக்கில்தான் சேரும், முழுப் பழம் சேராது. பழத்தைக் கடித்துச் சாப்பிட்டால் நார்ச்சத்தோடு மெதுவாகப் போகிறது, நான்கு ஆரஞ்சைப் பிழிந்தால் ஒரு நிமிடத்தில் கிளாஸ் காலி. அதனால் குளிர்பானத்தை விட்டுவிட்டு ஜூஸுக்கு மாறுவதில் லாபம் கொஞ்சம்தான். டீ, காபியில் சர்க்கரையை ஒரேயடியாக நிறுத்துவதைவிட வாரத்துக்கு அரை ஸ்பூனாகக் குறைத்துக்கொண்டு வாருங்கள், நாக்கு அதற்கேற்ப மாறிக்கொள்ளும், ஓரிரு மாதத்தில் பழைய அளவு போட்டுக் கொடுத்தால் திகட்டும்.

அடுத்தது லேபிள். 'பிரவுன் பிரெட்' என்று எழுதிய ஒரு பாக்கெட்டைக் கையில் எடுத்துக்கொள்வோம். முன்பக்கம் கோதுமைக் கதிர்ப் படம், 'நார்ச்சத்து நிறைந்தது', 'மல்டிகிரெய்ன்' என்று இருக்கும், அதை எல்லாம் விட்டுவிட்டுப் பின்பக்கம் திருப்புங்கள். சேர்மானப் பட்டியல் எடை அதிகமானதிலிருந்து குறைந்தது வரை வரிசையாக வரும் என்பதுதான் முழு ரகசியமும். முதலில் 'சுத்திகரித்த கோதுமை மாவு', அதாவது மைதா. பிறகு தண்ணீர், சர்க்கரை, கொஞ்சம் கோதுமைத் தவிடு, ஈஸ்ட், தாவர எண்ணெய், குளூட்டன் என்ற கோதுமைப் புரதம், உப்பு, எமல்சிஃபையர், கடைசியில் கேரமல் நிறம். ஆக இது வெள்ளை ரொட்டி, மேலே பழுப்புச் சாயம் பூசியிருக்கிறார்கள். மல்டிகிரெய்ன் என்றால் பல தானியம் இருக்கிறது என்று மட்டும்தான் பொருள், அவை முழு தானியமா, எவ்வளவு போட்டிருக்கிறார்கள் என்பதற்கு அது பதில் சொல்லாது. 'முழு கோதுமை மாவு' என்பது பட்டியலில் முதலாவதாக இருக்க வேண்டும், 100 கிராமுக்கு 6 கிராம் நார்ச்சத்தாவது இருக்க வேண்டும், இந்த இரண்டும் தேறினால் வாங்கலாம். எமல்சிஃபையர் ஒன்று எட்டிப் பார்க்கிறது என்பதற்காக நல்ல முழு தானிய ரொட்டியை ஒதுக்க வேண்டியதில்லை. நோவா கணக்கில் அதுவும் நான்காம் வகையில் விழும், ஆனால் அதையும் கோலாவையும் ஒரே தட்டில் வைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

சத்து அட்டவணையைப் பார்க்கும்போது 'ஒரு பரிமாறலுக்கு' என்ற பத்தியை விட்டுவிட்டு '100 கிராமுக்கு' என்ற பத்தியை மட்டும் பாருங்கள். பரிமாறல் அளவைத் தீர்மானிப்பது பெரும்பாலும் கம்பெனிதான், இரண்டு பிஸ்கட்டோடு நிறுத்துகிறவர் எத்தனை பேர்? பிரிட்டனின் போக்குவரத்து விளக்கு லேபிள் முறையில் 100 கிராமுக்கு 5 கிராம் வரை சர்க்கரை இருந்தால் பச்சை, 22.5 கிராமைத் தாண்டினால் சிவப்பு, உப்புக்கு 0.3 கிராம் வரை பச்சை, 1.5 கிராமைத் தாண்டினால் சிவப்பு. எந்த நாட்டுப் பாக்கெட்டுக்கும் இந்த எண்கள் கைகொடுக்கும். உப்புக்குப் பதில் சோடியம் என்று போட்டிருந்தால் 2.5ஆல் பெருக்குங்கள், உப்பின் அளவு கிடைக்கும்.

சர்க்கரைக்கு ஏகப்பட்ட வேஷம் உண்டு. குளுக்கோஸ் சிரப், டெக்ஸ்ட்ரோஸ், இன்வர்ட் சிரப், ஃப்ரக்டோஸ், கார்ன் சிரப், பழச்சாறு செறிவு, பார்லி மால்ட் சாறு. ஒரே பாக்கெட்டில் இவற்றில் மூன்று நான்கைப் பிரித்துப் பிரித்துப் போட்டால் ஒவ்வொன்றும் பட்டியலில் கீழே போய்விடும், எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால் சர்க்கரைதான் முதலிடத்தில் நிற்கும். 'ஐந்து பொருளுக்கு மேல் இருந்தால் வாங்காதே' என்று ஒரு விதி சுற்றிக்கொண்டிருக்கிறது, அதை நான் மதிப்பதில்லை. மசாலாப் பொடியில் பன்னிரண்டு பொருள் இருக்கும், ஒன்றும் தப்பில்லை. உருளைக்கிழங்கு சிப்ஸில் மூன்றுதான் இருக்கும்.

இனி மாற்றுகள். சர்க்கரை பூசிய காலை சீரியலுக்குப் பதில் வெறும் ஓட்ஸ். அதில் தட்டையாக அழுத்தியது, உடைத்தது, சீக்கிரம் வேகும் ரகம் என்று பல வந்தாலும் எல்லாமே முழு தானியம்தான், சண்டை சுவையூட்டிய சின்னச் சின்ன சாஷேகளோடு மட்டும். ஓட்ஸில் இருக்கும் பீட்டா குளூக்கான் என்ற கரையும் நார்ச்சத்து தினம் 3 கிராம் கிடைத்தால் எல்டிஎல் என்ற கெட்ட கொலஸ்ட்ரால் குறைய உதவும், உலர்ந்த ஓட்ஸ் 75 கிராம் வாக்கில் சாப்பிட்டால் அந்த அளவு கிடைக்கும். பழச்சுவை போட்ட கப் தயிருக்குப் பதில் வெறும் தயிரும் நறுக்கிய வாழைப்பழமும். வெறும் தயிரின் லேபிளிலும் 4, 5 கிராம் சர்க்கரை காட்டும், அது பாலிலேயே இருக்கும் லாக்டோஸ், அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். மாலை பிஸ்கட்டுக்குப் பதில் ஒரு கைப்பிடி வறுத்த வேர்க்கடலை. கைப்பிடியோடு நிறுத்துங்கள், 100 கிராமுக்கு 550 கலோரிக்கு மேல் போகும் சாமான் அது. பாட்டில் சாலட் டிரெஸ்ஸிங்குக்குப் பதில் எண்ணெய், எலுமிச்சை, உப்பு, மிளகு. சூப் கட்டி, மசாலா கியூப் போன்றவற்றில் உப்பு மிக அதிகம் என்பதால் அவற்றை மெதுவாகக் குறையுங்கள்.

ஆனால் ஒன்றுக்கு ஒன்று மாற்றுவதைவிடப் பெரிய வேலை செய்வது பயறு வகைதான். வெந்த பயறு 100 கிராமில் ஏறக்குறைய 9 கிராம் புரதமும் 8 கிராம் நார்ச்சத்தும் இருக்கும், அதே எடை வெந்த வெள்ளை அரிசியில் நார்ச்சத்து அரை கிராம்கூடத் தேறாது. 2023 வழிகாட்டியில் உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குத் தினம் 25 கிராம் நார்ச்சத்தாவது வேண்டும் என்கிறது, காய் பழம் சேர்த்து 400 கிராம் என்கிறது. பயறு இல்லாமல் அந்த 25ஐ எட்டுவது நிஜமாகவே கஷ்டம். தட்டில் அரிசியோ ரொட்டியோ கால் பங்கு, பயறோ முட்டையோ மீனோ கால் பங்கு, மீதி பாதி காயும் பழமும் என்று கண்ணளவில் வைத்தால் போதும், தராசு வேண்டாம்.

பயறு வேகவைப்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் பலர் இங்கேதான் சலித்துப்போய் விட்டுவிடுகிறார்கள். தோல் நீக்கி உடைத்த பருப்பு என்றால் ஊறவே வேண்டாம், 20 நிமிடத்தில் குழைந்துவிடும், புதிதாகத் தொடங்குபவர் அதில் ஆரம்பிக்கலாம். கொண்டைக்கடலை, ராஜ்மா மாதிரி பெரிய பயறை இரவே நிறையத் தண்ணீரில் போட்டுவிடுங்கள், காலையில் இரண்டு மடங்காக உப்பியிருக்கும், அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள், வாயு உண்டாக்கும் சர்க்கரைகளில் ஒரு பகுதி அதோடு போகும். புதுத் தண்ணீரில் வேகவைக்கும்போது உப்பு போடலாம், உப்பு போட்டால் வேகாது என்பது கட்டுக்கதை. வேகவிடாமல் தடுப்பது புளிப்பு, அதனால் தக்காளியும் எலுமிச்சையும் பயறு மெத்தென்று ஆனபிறகு. ராஜ்மா விஷயத்தில் மட்டும் அலட்சியம் வேண்டாம். அதில் இருக்கும் லெக்டின் என்ற பொருள் அரைவேக்காட்டில் கடும் வாந்தி, வயிற்றுப்போக்கைக் கொடுக்கும், கொதி நிலையில் குறைந்தது 10 நிமிடமாவது தளதளவென்று கொதித்தே ஆக வேண்டும். மெதுவாகச் சூடேற்றும் ஸ்லோ குக்கரில் ஊறிய ராஜ்மாவை நேரடியாகப் போடக் கூடாது, பிரஷர் குக்கர் என்றால் பிரச்சினை இல்லை. விரலால் நசுக்கினால் நடுவில் துளிகூட மாவுக் கட்டி தட்டுப்படாமல் வெண்ணெயாக மசிய வேண்டும், அதுதான் பதம்.

ஒரு முறை அடுப்பு ஏற்றினால் அரை கிலோ வேகவைத்து, ஆறவைத்து, ஒரு வேளைக்கு வேண்டிய அளவாகப் பிரித்து ஃப்ரீசரில் போடுங்கள், மாதக்கணக்கில் இருக்கும். ஃப்ரிட்ஜில் என்றால் மூன்று, நான்கு நாள். சோறு மட்டும் வேறு கதை: அறை வெப்பத்தில் மணிக்கணக்கில் கிடந்தால் பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியா வளர்ந்து நஞ்சு விட்டுவிடும், மறுபடி சூடு பண்ணினாலும் அந்த நஞ்சு போகாது. மீந்த சோற்றை ஒரு மணி, இரண்டு மணி நேரத்துக்குள் அகலமான பாத்திரத்தில் பரப்பி ஆறவைத்து ஃப்ரிட்ஜில் வையுங்கள், மறுநாளே தீர்த்துவிடுங்கள்.

டின்னில் அடைத்த பயறும் தாராளமாகப் பயன்படுத்தலாம். வடிகட்டியில் கொட்டிக் குழாய்த் தண்ணீரில் நன்றாக அலசினால் சோடியத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போய்விடும். ஃப்ரோஸன் காய்களும் அப்படித்தான், பறித்த கொஞ்ச நேரத்தில் கொதிநீரில் முக்கி எடுத்து உறைய வைப்பதால் சத்து பெரும்பாலும் அப்படியே இருக்கும், ஃப்ரிட்ஜில் ஒரு வாரமாக வாடிக் கிடக்கும் கீரையைவிட அவை எத்தனையோ மேல். பச்சைக் காய்களை வாங்கும்போது எது எவ்வளவு நாள் தாங்கும் என்று பார்த்து வரிசைப்படுத்திக்கொள்ளுங்கள். கீரை, வெள்ளரி, காளான் முதல் மூன்று நாளுக்கு. பீன்ஸ், குடைமிளகாய் வாரக் கடைசிக்கு. முட்டைகோஸ், கேரட், பீட்ரூட் எல்லாம் இரண்டு, மூன்று வாரம்கூடப் பொறுத்திருக்கும். காய் அழுகிப்போய்க் குப்பைக்குப் போகும் வீட்டில் க்ளீன் ஈட்டிங் செலவு பிடிக்கும் விவகாரமாகத்தான் தெரியும்.

நிஜமான சோதனை களைத்துப்போய் வீடு திரும்பும் மாலையில்தான் வரும். அந்த நேரத்தில் யாருக்கும் சத்து அட்டவணை நினைவிருக்காது, போனில் ஆர்டர் போடும் விரல்தான் முந்தும். அதற்காகவே 20 நிமிடத்தில் முடியும் ஒரே ஒரு சாப்பாட்டைக் கண்ணை மூடிக்கொண்டு செய்யும் அளவுக்குப் பழகி வையுங்கள். நான் சொல்வது இது: அகலமான சட்டியில் இரண்டு ஸ்பூன் எண்ணெய், ஒரு வெங்காயத்தை நறுக்கிப் போட்டு விளிம்பு பழுப்பாகும் வரை விடுங்கள், பூண்டு தட்டிப் போடுங்கள், மிளகாய்த் தூளோ சீரகமோ கைக்கு வந்தது எதுவோ அது. இரண்டு தக்காளி, இல்லையென்றால் சேர்மானத்தில் தக்காளியும் உப்பும் மட்டும் இருக்கும் டின் தக்காளி. அது வதங்கி எண்ணெய் ஓரத்தில் பிரிந்ததும் (தக்காளிக்குச் சிவப்பு நிறம் தரும் லைக்கோபீன் என்ற பொருள் எண்ணெயில் வெந்தால்தான் உடம்பில் நன்றாகச் சேரும்) ஃப்ரீசரில் இருந்த பயறு ஒரு கப், ஃப்ரோஸன் கீரையோ பட்டாணியோ இரண்டு கைப்பிடி. கொதித்ததும் நடுவில் குழி பறித்து ஆளுக்கு ஒரு முட்டை உடைத்து ஊற்றி மூடி போடுங்கள், ஐந்து நிமிடம். முட்டை வேண்டாதவர் இன்னும் கொஞ்சம் பயறு போட்டுக்கொள்ளலாம். இறக்கியபின் எலுமிச்சை பிழிந்தால் சுவையோடு இன்னொரு லாபமும் உண்டு, வைட்டமின் சி பயறில் உள்ள இரும்புச்சத்தை உடம்பு எடுத்துக்கொள்ள உதவும். சாப்பாட்டோடு டீ குடித்தால் நேர்மாறாக அதைத் தடுக்கும். சோறு, ரொட்டி, வேகவைத்த உருளைக்கிழங்கு, எதோடும் இது ஒத்துப்போகும்.

'சப்பென்று இருக்கிறது' என்பதுதான் முதல் மாதத்தில் எல்லோரும் சொல்லும் புகார். பாக்கெட் சாப்பாட்டின் உப்புக்கும் இனிப்புக்கும் பழகிய நாக்குக்கு வீட்டுச் சமையல் கொஞ்ச நாள் அப்படித்தான் தோன்றும். இரண்டு விஷயம் உதவும்: புளிப்பு, வறுத்த மணம். எலுமிச்சையோ வினிகரோ கடைசியில் ஒரு துளி விட்டால் பாதி உப்பிலேயே சுவை தூக்கும். காய்களைத் தண்ணீரில் வேகவைத்துக் கொட்டாமல் அதிகச் சூட்டில், சட்டியை நெரிசலாக்காமல், ஓரம் சிவக்கும்படி வதக்குங்கள்; அப்படிச் சாப்பிட்டால் முட்டைகோஸ் பிடிக்காது என்று சொன்னவர்கள் இன்னொரு கரண்டி கேட்பார்கள். உப்பைப் பற்றி உலக சுகாதார நிறுவனம் சொல்வது நாளுக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு டீஸ்பூனுக்குக் கொஞ்சம் குறைவு. பல நாடுகளில் மக்கள் சாப்பிடும் உப்பில் பெரும்பங்கு பாக்கெட் உணவிலிருந்துதான் வருகிறது என்பதால், பாக்கெட் உணவை நிறையச் சாப்பிட்டு வந்து அதைக் குறைத்தவருக்கு, சமையலில் வழக்கமான அளவு உப்புப் போட்டாலும் மொத்தத்தில் பெரும்பாலும் குறைந்துதான் இருக்கும்.

பணத்தை வீணாக்க வேண்டாத இடங்களையும் சொல்லிவிடுகிறேன். பிங்க் உப்பும் உப்புதான், அதில் இருக்கும் தாதுக்கள் கணக்கில் சேராத அளவு. சாதாரண அயோடின் உப்பை நிறுத்திவிட்டு அதற்கு மாறினால் அயோடின் குறைந்து தைராய்டுக்குச் சிக்கல் வரலாம். டீடாக்ஸ் ஜூஸ் தேவையில்லை, அந்த வேலையைச் செய்யக் கல்லீரலும் சிறுநீரகமும் இருக்கின்றன. சீலியாக் நோயோ (குளூட்டனால் சிறுகுடல் பாதிக்கும் நோய்) கோதுமை ஒவ்வாமையோ இல்லாதவர் குளூட்டன் ஃப்ரீ பிஸ்கட் வாங்கி ஆகப்போவது ஒன்றுமில்லை, அது மாவுச்சத்தை வேறு மாவுச்சத்தால் நிரப்பிய பிஸ்கட். ஆர்கானிக் சர்க்கரையும் சர்க்கரை. ஆர்கானிக் காய்கறி வசதி இருந்தால் வாங்கலாம், ஆனால் அதற்குக் கட்டுப்படியாகவில்லை என்று காய் வாங்குவதையே குறைத்துக்கொண்டால் நஷ்டம் உங்களுக்குத்தான். சாதாரணக் காயை ஓடும் தண்ணீரில் கையால் தேய்த்துக் கழுவினால் போதும், சோப்பு போடக் கூடாது.

எண்ணெயைப் பற்றி ஆளாளுக்குப் பயமுறுத்துவதால் ஒரு வார்த்தை. ரீஃபைண்டு எண்ணெய் விஷம் என்பதற்கு ஆதாரம் கிடையாது. ஒதுக்க வேண்டியது பகுதி ஹைட்ரஜனேற்றம் செய்த தாவர எண்ணெய், இதயத்துக்குக் கேடான டிரான்ஸ் கொழுப்பு பெரும்பாலும் அதிலிருந்துதான் வருகிறது. அதை உணவிலிருந்து அடியோடு ஒழிக்க வேண்டும் என்று 2018இல் உலக சுகாதார நிறுவனமே எல்லா நாடுகளையும் கேட்டது. லேபிளில் அந்தப் பெயர் இருந்தால் பாக்கெட்டைத் திரும்ப வையுங்கள். பொரித்த எண்ணெயைத் திரும்பத் திரும்பச் சூடாக்காதீர்கள். மற்றபடி வீட்டில் எந்தத் தாவர எண்ணெய் இருக்கிறதோ அதை அளவாக ஊற்றிச் சமைக்கலாம்.

நார்ச்சத்தை மட்டும் ஒரே வாரத்தில் ஏற்றிவிடாதீர்கள். இதுவரை பயறே தொடாதவர் திடீரென்று தினம் இரண்டு கப் சாப்பிட்டால் வயிறு ஊதிப்போய் 'இது எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை' என்று முடிவுகட்டிவிடுவார். அரை கப்பில் தொடங்கி, வாரத்துக்கு வாரம் கூட்டி, கூடவே தண்ணீரையும் கூட்டினால் குடலில் உள்ள கிருமிகள் பழகிக்கொள்ளும்.

அப்புறம் வீட்டில் இருப்பவர்கள். அவர்கள் தட்டில் போலீஸ் வேலை பார்க்காதீர்கள், பிறந்தநாள் கேக்கின் சேர்மானப் பட்டியலை யாரும் படிக்கத் தேவையில்லை. இது நையாண்டிக்காகச் சொல்லவில்லை. சுத்தமான உணவு என்ற எண்ணமே பிடித்து ஆட்டி, வெளியில் சாப்பிடவே பயந்து, ஒவ்வொரு கவளத்துக்கும் குற்ற உணர்ச்சி வரும் நிலைக்கு ஸ்டீவன் பிராட்மேன் என்ற அமெரிக்க மருத்துவர் 1997இல் ஆர்த்தோரெக்ஸியா என்று பெயர் வைத்தார். சாப்பிடும் பொருட்களின் பட்டியல் மாதத்துக்கு மாதம் சுருங்கிக்கொண்டே போகிறது என்றால் அது முன்னேற்றம் இல்லை, யாரிடமாவது பேச வேண்டிய நேரம்.

மருந்து சாப்பிடுகிறவர்கள் சிலர் மட்டும் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். இன்சுலினோ சர்க்கரையை இறக்கும் சில வகை மாத்திரைகளோ எடுப்பவர் மாவுச்சத்தையும் சர்க்கரையையும் சட்டென்று குறைத்தால் ரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கலாம், மருந்தளவை மாற்ற வேண்டிவரும். ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் என்ற மருந்து எடுப்பவர் திடீரென்று கீரையை அள்ளிச் சாப்பிட்டால் அதில் உள்ள வைட்டமின் கே மருந்தின் வேலையைக் குறைத்துவிடும். கீரையே கூடாது என்று இல்லை, வாரத்துக்கு வாரம் அளவு ஒரே சீராக இருக்க வேண்டும், அவ்வளவுதான். சிறுநீரகக் கோளாறு உள்ளவருக்குப் பயறு, வாழைப்பழம், தக்காளி இவற்றில் உள்ள பொட்டாசியம் கூடிப்போகலாம், 'லோ சோடியம் உப்பு' என்று விற்பது பெரும்பாலும் பொட்டாசியம் குளோரைடு கலந்தது என்பதால் அதையும் அவர்கள் கேட்காமல் வாங்கக் கூடாது.